வீட்டுக்கு நாஸ் வாங்குவதற்கு முன்னும் பின்னும்: சேமிப்பு, பேக்கப் முழு வழிகாட்டி

எந்த நாஸ் வாங்கலாம், எத்தனை டிஸ்க் போடலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இந்த நிமிஷம் உங்கள் லேப்டாப்பும் ஃபோனும் ஒன்றாகக் காணாமல்போனால் எதெல்லாம் போகும்? இதற்குப் பதில் தெரியாமல் பெட்டி வாங்கினால், நாற்பதாயிரம் ரூபாய் செலவழித்தபிறகும் குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். அந்த இடம் பழைய லேப்டாப்பிலிருந்து புதுப் பெட்டிக்கு மாறியிருக்கும், அவ்வளவுதான்.

நாஸ் (NAS) என்பது ரவுட்டரோடு கேபிளில் இணைந்து, வீட்டிலுள்ள ஃபோன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஃபைல்களை வைத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். உள்ளே ஒன்றோ பலவோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். அது சேமிக்கிற இடம். பேக்கப், அதாவது மூலம் போனால் திரும்ப எடுப்பதற்காகத் தனியாக வைக்கும் பிரதி, வேறு வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் பெட்டியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு டேட்டாவிலிருந்து தொடங்குவோம்.

படி 1: என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லா ஃபோன், லேப்டாப், மேஜை டிராயரில் கிடக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே இருப்பதை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், போனால் திரும்பவே வராதவை: குடும்பப் படங்கள், வீடியோக்கள், பத்திரம், பட்டா, சான்றிதழ் ஸ்கேன்கள், தாத்தா பாட்டி பேசிய ஒலிப்பதிவு, கடை வைத்திருந்தால் டேலி டேட்டா. இரண்டாவது, மறுபடி உருவாக்கலாம் ஆனால் உயிர் போய்விடும் என்கிற ரகம்: வீடியோ எடிட்டிங் புராஜெக்ட், சிடியிலிருந்து மாற்றிவைத்த பாட்டுத் தொகுப்பு, மென்பொருள் செட்டிங்ஸ். மூன்றாவது, டவுன்லோடு செய்த படங்கள், இன்ஸ்டாலர்கள், மாமா அனுப்பிய காலை வணக்கங்கள்.

கணக்குப் போட ஒரு தோராயம் சொல்கிறேன். ஃபோனில் எடுத்த ஒரு படம் 2 முதல் 4 எம்பி, அதனால் 50,000 படங்கள் இருந்தாலும் 150 ஜிபி பக்கம்தான் வரும். இடத்தைத் தின்பது வீடியோ. ஐஃபோனில் 4கே, நொடிக்கு 30 ஃபிரேம் என்று எடுத்தால் நிமிஷத்துக்கு 170 எம்பி, அதாவது ஒரு மணி நேரம் 10 ஜிபி. பள்ளி ஆண்டுவிழாவை முழுதாக எடுக்கிற அப்பாக்கள் இதைக் கவனிக்கவும்.

எண்ணி முடித்தால் பெரும்பாலான வீடுகளில் முதல் குவியல் 1 டிபி கூடத் தாண்டாது. இது நல்ல செய்தி, ஏனென்றால் காசு கொட்டிக் காப்பாற்ற வேண்டியது அதை மட்டும்தான். மூன்றாவது குவியலுக்கு பேக்கப்பே வேண்டாம். டிஸ்க் அளவைத் தேர்ந்தெடுக்க, மூன்றையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். சில வருஷங்களுக்குத் தாங்கும். 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 3.63 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆல் எண்ணுகிறது.

படி 2: எதிலிருந்து காப்பாற்றுகிறோம்?

டிஸ்க் சாவது ஒரு ஆபத்து. அதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் யாராவது தவறி அழிப்பது, வைரஸ் வந்து பூட்டுவது, திருடு, தீ, வெள்ளம், கிளவுட் அக்கவுண்ட் திடீரென்று முடங்குவது எல்லாம் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லப்படுவதுதான் 3-2-1 விதி; பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கியது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

வெளியே ஏன்? சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கம்ப்யூட்டரும் பக்கத்து ஷெல்ஃபில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்துதானே நனையும்?

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு (RAID) என்ற முறை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று செத்தாலும் வேலை நிற்காது. ஆனால் நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) க்யூனாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து, ஃபைல்களை 7-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. அதே வருஷம் ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகளை வெளியிலிருந்து யாரோ ஃபேக்டரி ரீசெட் செய்துவிட, காலையில் பார்த்தவர்களுக்கு வெறும் ஃபோல்டர்கள்தான் மிஞ்சின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற இன்னொரு ரேன்சம்வேர் வந்தது. இதிலெல்லாம் ரெய்டு துளியும் உதவாது. தனியாக இன்னொரு பிரதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இரண்டு இடங்களை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்கும் (sync) பேக்கப் ஆகாது. கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படத்தை ஆப்பில் அழித்தால் கிளவுடிலும் சேர்ந்தே போகும், குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் அதுவும் இல்லை. கூடவே 2021 ஜூன் 1 முதல் அங்கே இலவச அன்லிமிடெட் கிடையாது. மெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான்.

படி 3: நாஸ் தேவையா?

இரண்டு ஃபோன், ஒரு லேப்டாப், முக்கியமான டேட்டா 500 ஜிபிக்குள் என்றால் வேண்டாம் என்பேன். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், ஒரு கிளவுட் கணக்கு. முதல் டிஸ்க்கில் வாரம் ஒருமுறை காப்பி, இரண்டாவது அண்ணன் வீட்டில், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வது. 3-2-1 முடிந்தது. மிச்சக் காசில் ஊருக்குப் போய்வரலாம்.

ஒரு குறிப்பு: பாக்கெட்டில் போடுகிற எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். சாக்கெட் ஆடிப்போனால், உறையைக் கழற்றி, டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிளில் போட்டு எடுக்கலாம் என்ற பேச்சே கிடையாது. அதனால் இரண்டையும் ஒரே மாடலாக வாங்காதீர்கள்.

வீட்டில் நாலைந்து பேர், எல்லோருடைய ஃபோன் படமும் தானாக ஒரே இடத்தில் சேர வேண்டும், டிவியில் பார்க்க வேண்டும், டேட்டா 2 டிபி தாண்டிவிட்டது என்றால் நாஸ் நியாயமான செலவு.

படி 4: பெட்டி

கடையில் கிடைக்கும் ரெடிமேட் பெட்டியா, நாமே சேர்ப்பதா என்பதற்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் அது நின்றுபோனால் வீட்டில் யார் பார்ப்பார்கள்? லினக்ஸ் நோண்டுவது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் பழைய டெஸ்க்டாப்பில் ட்ரூநாஸ் அல்லது ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளைப் போடலாம், இரண்டும் இலவசம், செம. பிடிக்காது என்றால் ரெடிமேட்.

ரெடிமேடில் சினாலஜி நிறுவனத்தின் மென்பொருள்தான் வீட்டு மனிதர்களுக்கு எளிது. ஆனால் அதே விலைக்கு மற்றவர்கள் தருவதைவிட உள்ளே பிராசஸர் மெலிந்திருக்கும். 2025இல் அவர்கள் தங்கள் ப்ளஸ் மாடல்களில் தாங்கள் அங்கீகரித்த டிஸ்க்கையே போட வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்து, வாங்கிக்கட்டிக்கொண்டு, அக்டோபரில் தங்கள் நாஸ் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்பில் ஹார்ட் டிஸ்க் அளவில் தளர்த்தினார்கள். ஆகவே மாடலைத் தேர்ந்தெடுத்ததும் அதன் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டே டிஸ்க் வாங்குங்கள். க்யூனாப், அசஸ்டர், யூகிரீன் எல்லாம் காசுக்கு அதிக ஹார்ட்வேர் தருவார்கள்; அமைப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும்.

எத்தனை டிஸ்க்குக்கு இடம் வேண்டும்? பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு போதும். இரண்டு 8 டிபி போட்டு நிரப்பிக் காட்டுங்கள் பார்ப்போம். வீடியோ எடிட்டிங் தொழில் என்றால் நான்கு.

ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர் மலிவு, ஆனால் அதன் யூஎஸ்பியில் இரண்டு டிஸ்க்கைத் தொங்கவிட்டால் மின்சாரம் போதாமல் டிஸ்க் அடிக்கடி அறுந்து அறுந்து இணையும். தனி அடாப்டர் உள்ள ஒரே டிஸ்க்கோடு, அண்ணன் வீட்டில் வைக்கும் வெளிப் பிரதிக்கு அது போதும்.

கரண்ட் பில்லையும் பாருங்கள். இரண்டு டிஸ்க் ரெடிமேட் பெட்டி 20 வாட் எடுக்கிறது என்று வைத்தால், இரவும் பகலும் ஓடி இரண்டு மாத பில்லில் 29 யூனிட். பழைய டெஸ்க்டாப் 60 வாட் எடுத்தால் 86 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே சாப்பிட்டுவிடும், ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நிற்கிற வீடு என்றால் ஸ்லாபே மாறும். சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப் சும்மா ஓடாது.

படி 5: டிஸ்க்

பெட்டியை வருஷக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, டிஸ்க்கை ஆஃபரில் கிடைத்ததைப் போடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு எழுதும் முறைகள் உண்டு. சிஎம்ஆரில் டேட்டா எழுதும் வரிகளான டிராக்குகள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆரில் அவை கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் மேலே ஏறியிருப்பதையெல்லாம் மறுபடி எழுத வேண்டும். எப்போதாவது காப்பி போடும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு இது பரவாயில்லை. ரெய்டில் ஒரு டிஸ்க் செத்து, புதியதில் முழு டேட்டாவையும் எழுதும் நேரத்தில்தான் கழுத்தறுக்கும். 2020இல் நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது, வாங்கியவர்கள் நோண்டிப் பார்த்துதான் வெளியே தெரிந்தது. அதன்பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் ப்ளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். ஆகவே வாங்கும்போது ரெட் ப்ளஸா வெறும் ரெட்டா என்று லேபிளைப் பாருங்கள். சீகேட் ஐயன்வுல்ஃப் என்றால் சிஎம்ஆர்தான்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டு, வாரண்டி இந்தியாவுக்குச் செல்லுமா, எந்தத் தேதி வரை என்று பெட்டியைப் பிரிக்கும் முன்பே பாருங்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளைச் சில விற்பனையாளர்கள் ஓடிய நேரத்தை அழித்துவிட்டுப் புதிதென்று விற்றது அம்பலமானது. சந்தை எல்லா ஊரிலும் சந்தைதான்.

இரண்டு டிஸ்க்கையும் முடிந்தால் வெவ்வேறு கடையில் வாங்குங்கள். ஒரே பேட்சில் வந்தவை ஒரே நேரத்தில் மண்டையைப் போட வாய்ப்பு உண்டு. வந்ததும் டேட்டா எதுவும் ஏற்றாமல், டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிக்கும் ஸ்மார்ட் (SMART) நீண்ட சோதனையை ஓடவிடுங்கள். பெரிய டிஸ்க்குக்கு ராத்திரி முழுக்கப் பிடிக்கும். முடிந்ததும் 5, 197, 198 எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள்: கெட்டுப்போய் மாற்றிய செக்டர் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னத் துண்டு), படிக்கத் திணறுகிற செக்டர், படிக்கவே முடியாத செக்டர். மூன்றிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று இரண்டு என்று காட்டினால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: ரெய்டு, ஃபைல் சிஸ்டம்

இரண்டு டிஸ்க் என்றால் ரெய்டு 1. சினாலஜியில் எஸ்எச்ஆர் என்று காட்டும். இரண்டு டிஸ்க்கில் அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். நான்கு டிஸ்க் என்றால் ரெய்டு 5 ஒன்று சாவதைத் தாங்கும், 6 இரண்டைத் தாங்கும். ரெய்டு 0 பக்கம் போகவே வேண்டாம்.

ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை, எது என்று கேட்டால் பிடிஆர்எஃப்எஸ், ட்ரூநாஸில் இசட்எஃப்எஸ். இரண்டிலும் ஸ்னாப்ஷாட் உண்டு. அந்த நேரத்தில் ஃபோல்டர் எப்படி இருந்ததோ அப்படியே உறைய வைப்பது. மாறியதற்கு மட்டும்தான் இடம் எடுக்கும். மணிக்கு ஒன்று என்று ஒரு நாளைக்கு, தினம் ஒன்று என்று ஒரு மாதத்துக்கு, மாதம் ஒன்று என்று ஆறு மாதத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். பையன் தவறி அழித்த ஃபோல்டர் அரை நிமிஷத்தில் திரும்பிவரும். மாதம் ஒருமுறை ஸ்க்ரப் ஓடவும் அட்டவணை போடுங்கள். எழுதியது எழுதினபடி இருக்கிறதா என்று டிஸ்க் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும்.

டேட்டா ஏற்றும் முன்பு ஒரு வேடிக்கை செய்யுங்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். பீப் பீப் என்று கத்த வேண்டும், உங்கள் ஃபோனுக்கு எச்சரிக்கை வர வேண்டும், சோதனைக்கென்று போட்டு டிவியில் ஓடவிட்ட வீடியோ நிற்காமல் ஓட வேண்டும். பிறகு திரும்பச் செருகி, சரிசெய்ய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். உண்மையில் டிஸ்க் செத்துப்போகும் நாளில் எந்த பட்டன் எங்கே என்று தேடவேண்டியிருக்காது.

படி 7: இடம், மின்சாரம், கேபிள்

தரையில் வேண்டாம், ஃப்ரிட்ஜ் மேல் வேண்டாம், பூட்டிய மர அலமாரிக்குள் வேண்டாம். கடலோரம் குடியிருப்பவர்கள் ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், உப்புக் காற்று போர்டை அரிக்கும். பல்லிக்கு வெதுவெதுப்பான இடம் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு என்பார்கள். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுகிற அந்தச் சின்ன இடைவெளியே சில பெட்டிகளை ரீஸ்டார்ட் ஆக்கிவிடும். யூபிஎஸ் மோடில் வைத்தால் வேகமாக மாறும். ஆனாலும் பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் நாஸிடம் சொல்லாது. யூஎஸ்பி போர்ட் உள்ள ஒரு 600 விஏ யூபிஎஸ் சொல்லும். கரண்ட் போய் ஐந்து நிமிஷம் ஆனால் தானாக மூடிக்கொள் என்று செட்டிங்ஸில் போட்டுவிடலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நிற்பதுதான் ஃபைல் சிஸ்டத்துக்கு ஆபத்து.

நாஸை வைஃபையில் விடாமல் கேட் 6 கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வரை வரும், வீட்டுக்கு அது போதும்.

படி 8: கதவைச் சாத்துங்கள்

மேலே சொன்ன தாக்குதல்கள் பெரும்பாலும் இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்துகிடந்த பெட்டிகளைத்தான் பிடித்தன. சாதனங்கள் தாமாகவே வெளிக்கதவைத் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை ரவுட்டரில் அணையுங்கள், வெளியிலிருந்து நாஸுக்கு நேர்வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் செய்யாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமா, உங்கள் சாதனங்களை மட்டும் தங்களுக்குள் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போடுங்கள். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் தனி பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அடையும் இன்டர்நெட் முகவரி) கிடைக்காது, அப்போதும் அது வேலை செய்யும். அட்மின் என்ற பெயரில் வரும் கணக்கை முடக்கிவிட்டு வேறு பெயரில் ஒன்று, அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கே வேண்டாம். அப்டேட் தானாக ஏறட்டும்.

படி 9: காப்பிகள் ஓடட்டும்

ஃபோனிலிருந்து நாஸுக்கு: சினாலஜி ஃபோட்டோஸ் ஆப், அல்லது சொந்தமாக அமைத்தால் இம்மிச் என்ற ஆப். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்காவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஐஃபோனில் அவ்வப்போது ஆப்பைத் திறந்துவிட வேண்டும். மேக் என்றால் அதன் பேக்கப் வசதியான டைம் மெஷினை நாஸுக்குத் திருப்பி, அளவுக்கு ஒரு வரம்பு வையுங்கள், இல்லையென்றால் முழு டிஸ்க்கையும் அதுவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸுக்கு நாஸோடு வரும் பேக்கப் ஏஜென்ட் அல்லது கோப்பியா என்ற பேக்கப் மென்பொருள்.

நாஸிலிருந்து யூஎஸ்பி டிஸ்க்குக்கு: இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை ரேன்சம்வேரும் பார்க்கும். பீரோவுக்குள் கழற்றி வைத்ததை எந்த ஹேக்கராலும் தொட முடியாது.

வெளியே போகும் பிரதிக்கு இரண்டு வழி. ஒன்று கிளவுட். பேக்பிளேஸ் பி2 என்ற சேமிப்புச் சேவை 2025இல் மாதம் 1 டிபிக்கு 6 டாலர் என்ற கணக்கில் வந்தது. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் அதே 1 டிபி ஏறக்குறைய 1 டாலர்தான், ஆனால் திரும்ப எடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும், இறக்குவதற்குத் தனிக் கட்டணமும் தாளிக்கும். வீடே போனால் மட்டும் தொடப்போகிற பிரதி என்றால் அதற்கு மட்டும் அது சரி. எதில் போட்டாலும் ஹைப்பர் பேக்கப், ரெஸ்டிக் மாதிரி ஒரு பேக்கப் மென்பொருளால் என்கிரிப்ட் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி), பழைய பதிப்புகளும் இருக்கும்படி ஏற்றுங்கள். முதல் குவியல் மட்டும் ஏறினால் போதும். 100 எம்பிபிஎஸ் அப்லோடு உண்மையிலேயே கிடைத்தால் 1 டிபி ஏற ஒரு முழு நாள். உங்கள் பிளானின் மாத வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: வேறு ஊரிலோ வேறு ஏரியாவிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒரு சின்னப் பெட்டி. முதல் முழு காப்பியை உங்கள் வீட்டிலேயே கேபிளில் எடுத்துவிட்டு அப்புறம் கொண்டுபோய் வையுங்கள். மாறியது மட்டும் ராத்திரியில் போய்ச்சேரும். அந்தப் பெட்டிதான் வந்து டேட்டாவை இழுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் நாஸுக்கு அதில் அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது. அப்போதுதான் இங்கே புகுந்தவன் அங்கேயும் கை வைக்க முடியாது. அவர்கள் கரண்ட் பில்லுக்குத் தீபாவளி இனிப்பு கொடுத்து ஈடுகட்டுங்கள்.

படி 10: திரும்ப எடுத்துப் பாருங்கள்

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். காப்பாற்றப் போனால், ஐந்து விதமான பேக்கப், ரெப்ளிகேஷன் (வேறு சர்வரில் உடனுக்குடன் பிரதி எடுப்பது) ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காக இல்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றது என்று போன எச்சரிக்கை மெயில்களும் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். முழுநேரப் பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே இந்தக் கதி.

அதனால் தோற்றால் மட்டும் மெயில் என்று வைக்காமல், வாரம் ஒருமுறை வெற்றி மெயிலும் வரும்படி வையுங்கள். வரவில்லை என்றால் கவனிப்பீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாஸைத் தொடாமல், வெளிப் பிரதியிலிருந்து மட்டும் ஒரு பழைய வருஷத்துப் பட ஃபோல்டரை வேறு லேப்டாப்பில் இறக்குங்கள். படங்கள் திறக்கின்றனவா, எண்ணிக்கை சரியா, என்கிரிப்ஷன் கடவுச்சொல் நாஸுக்குள் மட்டும்தான் இருக்கிறதா? பலர் சிக்குவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

அந்தக் கடவுச்சொல், எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, கிளவுட் கணக்கு எந்த மெயிலில் இருக்கிறது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள், இன்னொரு பிரதி வெளிப் பெட்டி இருக்கும் வீட்டில். எழுதி முடித்ததும் தாளை மனைவியிடமோ தம்பியிடமோ கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு படத்தை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். எந்த வரியில் முழிக்கிறார்களோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.